4,000 பழைய தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்ய எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒரு சிறு நூலகத்தில் ஏறத்தாழ 4,000 பழைய தமிழ் நூல்கள் இருக்கின்றன, பலவற்றின் தாள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கிவிட்டது, இரண்டு பேர் முழுநேரமாக உழைக்கத் தயார். எந்த ஸ்கேனர் வாங்கலாம், எத்தனை மாதத்தில் முடியும்? எழுத்தில் கேட்டிருப்பது ஸ்கேனரைப் பற்றி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு. இவற்றில் பல நூல்களை இன்னொரு முறை முழுதாகப் புரட்ட முடியாது. கிடைக்கும் அந்த ஒரே வாய்ப்பில் எதைத் தவறவிடக் கூடாது என்பதுதான் அது. அதற்கு விடை கண்டால் கருவி எது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் கணக்கு. நூலுக்குச் சராசரி 200 பக்கம் என்றால் மொத்தம் 8 லட்சம் பக்கம். இந்த 200 என்பது நான் வைத்துக்கொண்ட எண். நீங்கள் அலமாரிக்குப் பத்து நூல் வீதம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எண்ணிப் பாருங்கள். சாதாரணத் தட்டை ஸ்கேனரில் நூலைக் கவிழ்த்து, அழுத்தி, 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் ஓடவிட்டு எடுக்கப் பக்கத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் போகும். மணிக்கு 100 பக்கம் கிடைத்தாலே அதிகம். அப்படியானால் 8,000 மணி நேரம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் உண்மையான படப்பிடிப்பு என்றால் 1,600 வேலை நாள். ஐந்து ஆண்டுக்கு மேல். ஆங்கில ‘வி’ எழுத்துபோல் விரியும் தொட்டில், மேலே ஒரு கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு கேமரா என்ற அமைப்பில், கை பழகிய ஒருவர் பழைய தாளைக்கூட மணிக்கு 400 பக்கம் சீராக எடுக்க முடியும். நாளைக்கு 2,000 பக்கம், 400 வேலை நாள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. ஏன் 8 மணி நேரம் போடாமல் 5 மணி நேரம் என்று கேட்கலாம். காலையில் விளக்கும் நிறமும் சரிபார்க்க, நூல் மாற்ற, கண்ணாடி துடைக்க, படங்களைக் கணினிக்கு ஏற்ற மீதி நேரம் போய்விடும். அதோடு களைத்த கைதான் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுகிறது.

இது படம் எடுக்கும் காலம் மட்டும். 1999-இல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் புக்லியா பல திட்டங்களின் செலவை அலசி எழுதினார். படமெடுக்கும் வேலைக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான், நூல்விவரம் தயாரிக்க அதைவிடச் சற்றுக் குறைவு, தேர்வு, முன்தயாரிப்பு, தரச் சோதனை, நிர்வாகம் எல்லாம் சேர்ந்து அதைவிடச் சற்று அதிகம் என்பது அவர் கண்ட விகிதம். அதன்பின் கேமராக்கள் எவ்வளவோ மாறிவிட்டன. விகிதம் இப்போது இன்னும் படப்பிடிப்புக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் வேகம் கூடியது கேமராவுக்குத்தான், படிக்கும் கண்ணுக்கு அல்ல. ஆகவே உங்கள் இருவரில் ஒருவர் எடுக்க, மற்றவர் நூல் தயார் செய்து, விவரம் பதிந்து, சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருவரும் ஆளுக்கொரு ஸ்கேனரில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் பெயரில்லாத கோப்புகளின் மலை ஒன்று நிற்கும்.

அதனால் முதல் சேமிப்பு, எடுக்காமல் விடுவதில் இருக்கிறது. இண்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் போன்ற பொது மின்னூலகங்களில் அதே பதிப்பு முழுமையாக, படிக்கும் தரத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று நூல்நூலாகத் தேடுங்கள். அதே நூல் என்பது போதாது, அதே பதிப்பா என்பதே கேள்வி. இரண்டாம் பதிப்பில் முன்னுரை மாறியிருக்கும், பாடவேறுபாடு இருக்கும். தேடும்போது பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். கிடைத்த பிரதியில் பக்கம் விடுபட்டிருந்தால் அதை ‘இருக்கிறது’ என்று கணக்கில் வைக்காதீர்கள்.

அடுத்தது உரிமை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையின்படி ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டு பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டு, இலங்கையில் 70. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அதைப் பொறுத்துக் கோடு மாறும். நூல் பழையது என்பதால் உரிமை தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை: 1930-இல் இருபத்தைந்து வயதில் எழுதியவர் 1990 வரை வாழ்ந்திருந்தால் அந்த நூல் இந்தியாவில் 2050 முடியும் வரை உரிமைக்குள் இருக்கும். மூலம் பொதுவுடைமை ஆகியிருந்தாலும் உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர், படம் வரைந்தவர் ஆகியோரின் உரிமை தனித்தனி. நான் வழக்கறிஞன் அல்லன். பாதுகாப்புக்காகப் படி எடுப்பதற்கும் இணையத்தில் திறந்து வைப்பதற்கும் சட்டத்தில் பெரிய இடைவெளி உண்டு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு நூலுக்கும் ‘திறக்கலாம், உள்ளே மட்டும், தெரியவில்லை’ என்று ஒரு பத்தி முதல் நாளிலிருந்தே அட்டவணையில் இருக்கட்டும். பின்னால் 4,000 நூலுக்கும் உட்கார்ந்து நிரப்ப ஆளிருக்காது.

இனி நூலின் உடல்நிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்துச் செய்த தாளில் அமிலம் இருக்கிறது, அது செல்லுலோஸ் இழைகளை உள்ளிருந்தே அறுக்கிறது. நொறுங்குமா என்று தெரிந்துகொள்ள மூலையை மடித்துப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம், மூலை போய்விடும். நூலைத் திறந்து எடுத்ததும் மேசையில் பழுப்புத் துகள் விழுகிறதா என்று பார்த்தாலே போதும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தொட்டிலில் சாதாரணமாக வைக்கக்கூடியவை, மெதுவாக எடுக்க வேண்டியவை, இந்தத் திட்டத்தில் தொடக் கூடாதவை. பூஞ்சை பிடித்தவை மூன்றாவது குவியல். அவற்றைத் தனி அறையில் காகிதத்தில் சுற்றி வையுங்கள், முகக்கவசம் இல்லாமல் தட்டாதீர்கள். மற்றவற்றுக்கு மென்தூரிகையால் முதுகிலிருந்து வெளிநோக்கித் தூசு தட்டினால் போதும். துருப்பிடித்த கம்பித் தையலை இழுக்க வேண்டாம், படம் எடுக்கத் தடையாக இருந்தால் மட்டும் பின்பக்கமிருந்து கம்பியை நிமிர்த்திக் கழற்றலாம். கிழிசலுக்கு செலோடேப் ஒருபோதும் கூடாது. அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். பருத்திக் கையுறையும் வேண்டாம்: அதைப் போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாது, கிழிவது கூடும். சுத்தமாகக் கழுவி நன்கு உலர்த்திய வெறுங்கைதான் சரி.

முதுகை வெட்டித் தாளாக்கி, தானே தாள் இழுக்கும் ஸ்கேனரில் போடலாமா என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வேகம் உண்மைதான். அதே நூலின் இன்னொரு நல்ல பிரதி கையில் இருந்து, தாளும் வலுவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நொறுங்கும் தாளை உருளைகள் நசுக்கும். கண்ணாடிப் பட்டையில் ஒரு துகள் ஒட்டினால் அன்றைய எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரே கோடு விழும், மாலையில்தான் தெரியவரும். மேலிருந்து பார்த்து மென்பொருளால் வளைவை நிமிர்த்தும் மேசைக் கருவிகள் மலிவு, வசதி. ஆனால் நடுமடிப்பை ஒட்டிய எழுத்துகளை அவை இழுத்து நீட்டித்தான் நிமிர்த்துகின்றன. படிக்க உதவும், மூலப்படியாக (நிரந்தரமாகப் பாதுகாக்கும் முதன்மைக் கோப்பாக) வைக்க ஏற்றதல்ல. கைபேசியும் அப்படியே: ஒவ்வொரு படத்தையும் அது தன்னிச்சையாகக் கூர்மையாக்கி, வெளுப்பாக்கித் தருகிறது, இரண்டு பக்கம் ஒன்றுபோல் இருக்காது.

ஆக, கேட்டதற்கு நேர்ப்பதில்: ஸ்கேனர் வேண்டாம். 90 முதல் 110 பாகை வரை விரியும் தொட்டில், அதற்குப் பொருந்தும் கண்ணாடி, லென்ஸ் மாற்றக்கூடிய 24 மெகாபிக்சல் கேமரா இரண்டு, தட்டையான பரப்பைக் கோணாமல் காட்டும் மேக்ரோ லென்ஸ் இரண்டு, நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேலுள்ள எல்இடி விளக்கு, கேமராவைக் கேபிள் வழியே இயக்கும் கணினி. 24 மெகாபிக்சல் என்றால் 6,000-க்கு 4,000 புள்ளி. 9 அங்குல உயரப் பக்கத்தைச் சுற்றிலும் இடம்விட்டு 10 அங்குலப் பரப்பாக எடுத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி. ஆனால் கேமரா உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கிறது, மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அதனால் உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் 600-ஐவிடக் குறைவு, 400-ஐ நிம்மதியாகத் தாண்டும். ஒரே கேமராவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்தால் கணக்கிலேயே 400 ஆகிவிடும், ஊகம் போக மிஞ்சுவது போதாமல் போகலாம். இரண்டு கேமரா சொல்வது அதனால்தான்.

வாங்கும்போது யாரும் பார்க்காத ஒன்று ஷட்டரின் ஆயுள். 8 லட்சம் பக்கம் என்றால் கேமராவுக்கு 4 லட்சம் சொடுக்கு. சாதாரண கேமராக்களின் இயந்திர ஷட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு லட்சம் என்றுதான் தயாரிப்பாளர்கள் கணக்கு சொல்கிறார்கள். ஆகவே எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். அதில் இன்னொரு சிக்கல் உண்டு: மலிவான எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், எலக்ட்ரானிக் ஷட்டரில் அது கிடைமட்டப் பட்டைகளாகப் பதியும். விளக்கு வாங்குமுன் வெற்று வெள்ளைத் தாளை அதன்கீழ் வைத்து எடுத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம் என்பார்கள். எடை குறைவுதான், ஆனால் சீக்கிரம் கீறல் விழும், நிலைமின்னேற்றத்தால் தூசியையும் நொறுங்கிய தாளின் துணுக்கையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கண்ணாடியே மேல். அதைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளியுங்கள், நூலுக்கு மேலே தெளிக்காதீர்கள். தொட்டில் இடம்வலமாகச் சற்று நகரக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கம் புரளப் புரள நூலின் கனம் ஒருபக்கமிருந்து மறுபக்கம் போகிறது, முதுகும் நகர்கிறது. தொட்டில் கூடவே நகராவிட்டால் நூலின் பிற்பாதியில் நடுமடிப்பு எழுத்து கண்ணாடிக்கு அப்பால் போய்விடும்.

கேமராவில் எல்லாத் தானியக்கத்தையும் அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, வெள்ளைச் சமன் கைமுறையில் ஒரே மதிப்பு. குவியத்தைக் கைமுறையில் நிறுத்தி லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டுங்கள், கீழ்நோக்கித் தொங்கும் லென்ஸின் வளையம் தன் எடையிலேயே மெல்ல நகரும். அறையை இருட்டாக்குங்கள். கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், எடுப்பவர் அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் (வெள்ளைச் சட்டையின் பிரதிபலிப்பு கண்ணாடியில் மங்கலான மேகம்போல் விழும், எங்கிருந்து வந்தது என்று தேடியே பாதி நாள் போய்விடும்). ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் நிறக் கட்டமும் அளவுகோலும் வைத்து ஒரு படம் எடுங்கள். பின்னாளில் நிறத்தையும் உண்மையான அளவையும் மீட்க அந்த ஒரு படமே ஆதாரம்.

தரம் எவ்வளவு வேண்டும் என்பதில் உறுதியானதும் உண்டு, கருத்து வேறுபாடும் உண்டு. பொதுவான அச்சு நூலுக்கு 300 பிபிஐ குறைந்தபட்சம், சிற்றெழுத்து அடிக்குறிப்புகள் உள்ள நூலுக்கு 400 நல்லது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. நெதர்லாந்தின் மெட்டாமார்ஃபோஸ், அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்களின் ஃபாட்கி ஆகிய வழிகாட்டுதல்கள் வெறும் புள்ளி எண்ணிக்கையோடு நிற்காமல் கூர்மை, நிறம், ஒளிச்சீர்மை ஆகியவற்றை அளந்து பார்க்கச் சொல்கின்றன. அதுதான் முறை. வண்ணமா கறுப்புவெள்ளையா என்றால், வண்ணம். பழுப்புக் கறையையும் மங்கிய மையையும், முத்திரையையும் கைக்குறிப்பையும் பிரித்துக் காட்டுவது நிறம்தான். மூலப்படியை எந்தக் கோப்பு வடிவில் வைப்பது என்பதில்தான் துறையில் இரண்டு கட்சி: சுருக்கமில்லாத டிஃப், அல்லது தகவல் இழப்பில்லாமல் சுருக்கும் ஜேபெக் 2000. இரண்டாவது ஏறக்குறைய பாதி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள் குறைவு. இருவர் கொண்ட குழுவுக்கு டிஃப் போதும் என்பேன், மாற்றுக் கருத்துக்கும் நியாயம் உண்டு.

இடக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 6-க்கு 9 அங்குலப் பக்கம், 400 பிபிஐ: 2,400 பெருக்கல் 3,600 புள்ளி, புள்ளிக்கு 3 பைட். பக்கத்துக்கு ஏறத்தாழ 26 எம்பி. 8 லட்சம் பக்கத்துக்கு 21 டிபி. 600 பிபிஐயில் இது ஒன்றரை மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளம், அகலம் இரண்டிலும் கூடுவதால் 2.25 மடங்காகும், அதாவது 47 டிபி. இதை மூன்று படிகள் வைக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிபிஐயைத் தீர்மானியுங்கள்.

மூலப்படியில் வெட்டலாம், நேராக்கலாம், பக்கத்தைச் சுற்றிச் சிறிது விளிம்பு விட்டு. பின்னணியை வெளுக்காதீர்கள், கூர்மையாக்காதீர்கள். அதெல்லாம் படிப்பவருக்கான பிடிஎஃப்பில் செய்துகொள்ளலாம். அந்தப் பிடிஎஃப் செய்யும்போதும் ஒரு எச்சரிக்கை. ஜேபிக்2 என்ற கறுப்புவெள்ளைச் சுருக்கமுறை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே அச்சாகக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டும். 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். அது மாறியது இதனால்தான். எழுத்து மங்கலாக இருந்தால் வாசகருக்குச் சந்தேகமாவது வரும். இதில் பிழை பளிச்சென்று, தெளிவாக அச்சாகியிருக்கும். ண, ன போன்றவை சிறிய அளவில் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இழப்புள்ள ஜேபிக்2-ஐத் தொடாதீர்கள்.

கோப்பின் பெயரில் நூலின் தலைப்பை வைக்காதீர்கள். தலைப்பு திருத்தப்படும், எழுத்துக்கூட்டல் மாறும், சில மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைச் சிதைக்கும். நூலுக்கு ஐந்து இலக்க எண், படத்துக்கு நான்கு இலக்க எண்: 00231_0045. முன்சுழிகளை விடாதீர்கள், விட்டால் 10-ஆம் படம் 2-ஆம் படத்துக்கு முன்னால் வரிசையாகும். இந்தப் பட எண் அச்சிட்ட பக்க எண் அல்ல. அட்டை, வெற்றுப் பக்கம், தமிழ் எண்ணோ ரோமன் எண்ணோ இட்ட முன்னுரைப் பக்கங்கள், எண்ணில்லாத படத்தாள், கடைசியில் வரும் நூல் விளம்பரம் எல்லாமே எடுக்கப்பட வேண்டும். பழைய பதிப்பகங்களின் நூற்பட்டியல் சில சமயம் அந்த விளம்பரத் தாளில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சரிபார்ப்பைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், திட்டங்கள் தோற்பது இங்கேதான். இரண்டு கேமரா அமைப்பில் ஒரு கேமரா ஒரே ஒரு முறை சொடுக்கத் தவறினால் அதற்குப் பின் எல்லாப் பக்கமும் இடம்மாறும். ஆகவே ஒவ்வொரு நூல் முடிந்ததும் இடப்பக்கப் படங்களின் எண்ணிக்கையும் வலப்பக்கப் படங்களின் எண்ணிக்கையும் சமமா என்று பாருங்கள். இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது, இரு பக்கமும் சமமாகவே குறையும். அதற்கு வேறு வழி: அச்சிட்ட பக்க எண்ணைப் பட எண்ணிலிருந்து கழியுங்கள். 45-ஆவது படத்தில் 37-ஆம் பக்கம் என்றால் வேறுபாடு 8. நூலின் கடைசி வரை 8 ஆகவே இருந்தால் நடுவில் எதுவும் விடுபடவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 6 ஆகக் குறைந்தால் ஒரு தாள் தப்பியிருக்கிறது, அல்லது மூலத்திலேயே இல்லை. 10 ஆகக் கூடினால் எண்ணில்லாத படத்தாள் வந்திருக்கிறது, அல்லது ஒரே விரிப்பு இருமுறை எடுக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை பார்த்தாலே தவறு எந்த ஐம்பதில் என்று தெரிந்துவிடும். இதுபோக எல்லாப் படங்களையும் சிறுபடமாக ஓட்டிப் பார்க்க வேண்டும், பத்தில் ஒன்றை முழு அளவில் திறந்து கூர்மை பார்க்க வேண்டும். எடுத்தவரே பார்க்கக் கூடாது. நூல் அலமாரிக்குத் திரும்புமுன் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடிக்கும் பிழைக்கு அந்த நொறுங்கும் நூலை மறுபடி திறக்க வேண்டியிருக்கும். மூலப் பிரதியிலேயே பக்கம் இல்லையென்றால், ‘இந்தப் பிரதியில் 33–36 பக்கங்கள் இல்லை’ என்று அச்சிட்ட ஒரு தாளை அந்த இடத்தில் வைத்துப் படம் எடுத்துச் சேருங்கள். வாசகர் உங்கள்மேல் பழிபோடாமலிருக்க அது ஒன்றே வழி.

நூல்விவரத்துக்குப் பெரிய அமைப்பு வேண்டாம். டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட அடிப்படைத் திட்டம் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், இடம், ஆண்டு, பதிப்பு எண், பக்க எண்ணிக்கை, உரிமைநிலை, உங்கள் நூல் எண் இவற்றை ஒழுங்காக நிரப்பினால் பிற்பாடு எந்த மென்பொருளுக்கும் மாற்றலாம். தமிழ் நூல்களில் தனித் தொல்லை ஆண்டு. முகப்பில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அது 1867–68 ஆகவும் இருக்கலாம், 1927–28 ஆகவும் இருக்கலாம். அச்சில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்திலும், நீங்கள் கணித்ததை அடைப்புக்குறிக்குள் இன்னொரு கட்டத்திலும் பதியுங்கள். ஆசிரியர் பெயர் அதைவிடத் தொல்லை: தலைப்பெழுத்தோடு, இல்லாமல், சாதிப் பட்டத்தோடு, கிரந்த எழுத்தில் என்று ஒரே ஆள் நாலு பேராகப் பிரிவார். ஒரு வடிவத்தை நிலைவடிவமாக வைத்து மற்றவற்றை அதனுடன் இணைக்கும் தனிப் பட்டியல் ஒன்றை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய பாடமாக மாற்றும் எழுத்துணரியில் (ஓசிஆர்) அளவுக்கு மீறி நம்பிக்கை வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் இலவசம், தமிழ் படிக்கும். 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியபின் வெகுவாகத் தேறியிருக்கிறது. எழுத்துக்கு எழுத்து 98 விழுக்காடு சரி என்றால் பிரமாதமாகத் தோன்றும். எட்டு எழுத்துச் சொல் ஒன்று முழுதாகச் சரியாக வர வாய்ப்பு 85 விழுக்காடுதான், 0.98-ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள். பழைய அச்சில் துணைக்காலும் ‘ர’வும் குழம்பும், மெய்யெழுத்தின் புள்ளி மறையும், தூசிப் புள்ளி மெய்யாக்கிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய இணைப்பு வடிவில் இருக்கும். யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான் என்பதால் கிடைக்கும் பாடத்தில் சிக்கல் இல்லை. அந்த வடிவத்தைப் பார்த்துப் பழகாத எழுத்துணரிதான் தடுமாறும். உங்கள் நூல்களிலிருந்தே இருபது பக்கம் எடுத்துக் கையால் தட்டச்சு செய்து ஒப்பிட்டால்தான் உங்களுக்கான உண்மையான விழுக்காடு தெரியும். 8 லட்சம் பக்கத்தையும் திருத்தலாம் என்று தொடங்காதீர்கள். தேடலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், படத்தை முன்னால் காட்டுங்கள். தேடலில் ‘நூலகம்’ என்று போட்டால் ‘நூலகத்தில்’ வராது என்பதால் சொல்லின் முற்பகுதியைக் கொண்டு தேடும் வசதி உள்ள மென்பொருளாகப் பாருங்கள்.

சேமிப்புக்கு மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். ஒரே பெட்டிக்குள் இரண்டு வன்தட்டு ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருப்பது காப்புப்படி ஆகாது, தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஒவ்வொரு நூலும் முடிந்தவுடன் எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் இது மாறிவிடும்) உருவாக்கி அதே கோப்புறையில் வையுங்கள். பேக்இட் என்ற பொதி முறை இதை ஒழுங்காகச் செய்கிறது, 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று படிகளிலும் அந்த எண்களை ஓட்டிப் பாருங்கள். அலமாரியில் சும்மா கிடக்கும் வன்தட்டும் கெடும், ஐந்து ஆண்டுக்கு மேல் நம்ப வேண்டாம். இந்த மாற்றுச் செலவு திட்டம் முடிந்தபின் வருவது, எனவே எந்த நன்கொடைக் கணக்கிலும் இருக்காது. இப்போதே கேட்டு வாங்குங்கள். வாசகருக்கு நூல்களை இணையத்தில் காட்டும் மென்பொருள் ஓமேகா, டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன் எதுவானாலும் பரவாயில்லை. கட்டற்ற மென்பொருள்கள்தாம், உங்களில் யாருக்கு எது பராமரிக்க வருமோ அதை எடுங்கள்.

இவ்வளவும் செய்யுமுன் முப்பது நூலோடு ஒரு வெள்ளோட்டம். நல்லவை, நொறுங்குபவை, குட்டை, நெட்டை எல்லாம் கலந்து எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள்: தூசு தட்ட, எடுக்க, சரிபார்க்க, விவரம் பதிய. நான் மேலே சொன்ன 400 பக்க வேகம் பழகிய கைக்கானது, முதல் மாதம் அதில் பாதிதான் வரும். தொட்டிலை முதலில் மரத்தில் செய்து, ஒரே ஒரு கேமராவைக் கடன் வாங்கி வலப்பக்கம் எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு கேமராவை மாற்றி வைத்து இடப்பக்கம் எடுத்தும் இந்த வெள்ளோட்டத்தை நடத்தலாம். நூலை இரண்டு முறை புரட்ட வேண்டியிருக்கும் என்பதால் இந்த முறைக்கு வலுவான நூல்களை மட்டும் எடுங்கள். சரிபார்ப்பும் விவரப் பதிவும் படப்பிடிப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று வெள்ளோட்டத்தில் தெரிந்தால், இரண்டாவது கேமரா வாங்கும் பணத்தை மூன்றாவது ஆளுக்குக் கொடுங்கள். அது முடியாவிட்டால் 4,000-ஐ 1,500 ஆக்குங்கள்: வேறெங்கும் இல்லாதவை முதலில், அவற்றுள்ளும் நொறுங்குபவை முதலில்.